மேட்ச் கிடைக்காத டாக்டர்: 1952-ல் இல்லாத ஒரு கேள்வி

மார்ச் மாசம், ஒரு திங்கட்கிழமை. நம்ம நேரத்துக்கு ராத்திரி ஏழரை மணி. ஓபி முடிச்சு, கடைசி பேஷண்டுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு நிமிர்ந்தா போன்ல ஒரு மெசேஜ்.

"கிடைக்கலண்ணா."

என் காலேஜ் ஜூனியர். எம்.பி.பி.எஸ் முடிச்சு, அமெரிக்க லைசென்ஸ் தேர்வுகளை எழுதி, அங்கே போய் சில மாசம் அப்சர்வரா நின்னு, நாலு இன்டர்வியூ முடிச்சவன். அமெரிக்காவில் மேல்படிப்புக்கு, அதாவது ரெசிடென்சிக்கு, இடம் கிடைச்சுதா இல்லையான்னு சொல்ற நாள் அந்தத் திங்கள். எந்த ஆஸ்பத்திரின்னு வெள்ளிக்கிழமைதான் சொல்வாங்க. திங்களன்னைக்கு உண்டு, இல்லை. அவ்வளவுதான்.

மூணு நாள் வீட்டுல சொல்லல. வியாழன் ராத்திரி அப்பாகிட்ட சொன்னான். அவர் மளிகைக்கடை வெச்சிருக்கிறவர். திட்டல, அழல. ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"நீதான் டாக்டராச்சே. பெரிய ஆஸ்பத்திரில எடுக்கலன்னா என்ன? அங்கேயே சின்னதா ஒரு கிளினிக் வெக்க முடியாதா?"

பய என்கிட்ட இதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா அது ரொம்பச் சரியான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லணும்னா நூறு வருஷக் கதை சொல்லணும். அதுதான் இந்த இழை. நீளம் கொஞ்சம் அதிகம், பொறுமையா படிங்க.

முதல்ல அப்பாவோட கேள்விக்கு நேரான பதில்: முடியாது.

நம்ம ஊர்ல எம்.பி.பி.எஸ் முடிச்சு, ஹவுஸ் சர்ஜன் வருஷம் முடிச்சு, மெடிக்கல் கவுன்சில்ல பதிவு பண்ணிட்டா போர்டு மாட்டலாம். பி.ஜி இல்லாம நாற்பது வருஷம் ஒரே தெருவில் ஊசி போட்ட டாக்டர்களை நமக்கெல்லாம் தெரியும். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு இருமல் மருந்து கூட எழுத முடியாது. முழு லைசென்ஸுக்குக் குறைந்தது ஒரு வருஷமாவது அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி வேணும். வெளிநாட்டில் படிச்சவங்களுக்குப் பல மாநிலங்களில் அதைவிடக் கூடுதல். ரெசிடென்சி இல்லைன்னா லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லைன்னா பேருக்கு முன்னாடி இருக்கிற "டாக்டர்" வெறும் எழுத்து.

இது எப்பவும் இப்படி இருந்ததில்லை. 1889-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறந்தபோது வில்லியம் ஆஸ்லரும் வில்லியம் ஹால்ஸ்டெடும் ஒரு முறையைக் கொண்டுவந்தாங்க. படிச்சு முடிச்ச இளம் டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே தங்கணும், அங்கேயே சாப்பிடணும், ராத்திரி பகலா நோயாளிகளைப் பார்த்துக் கத்துக்கணும். அங்கேயே வசிக்கிறதால ரெசிடென்ட். அப்போ அது ஒரு சிலருக்கான சிறப்புப் பயிற்சி. மத்தவங்க பட்டம் வாங்கிட்டு நேரா ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்தாங்க. 1910-ல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னரோட அறிக்கை வந்து, தரமில்லாத மருத்துவப் பள்ளிகள் வரிசையா மூட ஆரம்பிச்சது. 1914-ல் பென்சில்வேனியா மாநிலம் முதன்முதலா, லைசென்ஸ் வேணும்னா ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப் கட்டாயம்னு சட்டம் போட்டது. மத்த மாநிலங்கள் ஒண்ணொண்ணா பின்னாடி வந்தன. நோயாளிக்கு அது நல்லதுதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அன்னைக்கே, பட்டத்துக்கும் தொழிலுக்கும் நடுவுல ஒரு கதவு வந்துடுச்சு. அந்தக் கதவோட சாவி காலேஜ்கிட்டயும் இல்லை, மாணவன்கிட்டயும் இல்லை. ஆஸ்பத்திரிகிட்ட இருந்தது.

இனிமேதான் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

1940-களில் நிலைமை இன்னைக்கு நேர்மாறு. ஆஸ்பத்திரிகள் பெருகின, இடங்கள் ஏராளம், மாணவர்கள் குறைவு. இன்டர்ன்னா ராப்பகலா உழைக்கிற, சம்பளம் பெருசா கேட்காத ஆள். அப்புறம் யாருக்கு வேண்டாம்? ஆஸ்பத்திரிகள் மாணவர்களைத் துரத்தின. நம்ம ஊர்ல பொண்ணு எஸ்.எஸ்.எல்.சி படிக்கும்போதே ஜாதகம் கேட்டு வர்ற மாதிரி, படிப்பு முடிய ரெண்டு வருஷம் இருக்கும்போதே "எங்ககிட்ட வந்துடு"ன்னு கையெழுத்து வாங்கினாங்க. பையன் எப்படிப் படிக்கிறான்னே தெரியாது, அவனுக்கும் எந்தத் துறை பிடிக்கும்னு தெரியாது.

1945-ல் காலேஜ்கள் கூடி ஒரு முடிவெடுத்தன. குறிப்பிட்ட தேதிக்கு முன்னாடி மார்க் ஷீட்டும் சிபாரிசுக் கடிதமும் வெளியே விடறதில்லை. துரத்தல் நின்னுது, வேற ஒரு வியாதி வந்தது. ஆஸ்பத்திரி ஒரு மாணவனுக்கு இடம் தருது. அவன் "யோசிச்சுச் சொல்றேன்"ங்கறான். மனசுக்குள்ள இன்னும் நல்ல ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருமான்னு பார்க்கிறான். கடைசி நாள்ல வேண்டாம்னு சொன்னா, ஆஸ்பத்திரியோட அடுத்த ஆள் அதுக்குள்ள வேற இடம் போயிருப்பான். அதனால ஆஸ்பத்திரிகள் யோசிக்கிற நேரத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தன. 1945-ல் 10 நாள். 1946-ல் 8 நாள். 1949-ல் காலேஜ்கள் தரப்பு, நள்ளிரவு 12:01-க்குத் தந்தி கொடுங்க, மத்தியானம் வரைக்குமாவது டைம் கொடுங்கன்னு கேட்டது. ஆஸ்பத்திரிகள் சங்கம் அந்த 12 மணி நேரமே ஜாஸ்தின்னு மறுத்துடுச்சு.

ஒரு டாக்டர் எங்கே, எப்படி உருவாகப் போறார்னு தீர்மானிக்க 12 மணி நேரம் ஜாஸ்தி! இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி இதே கணக்கு திரும்ப வரும்.

இதுக்குத் தீர்வா வந்ததுதான் மேட்ச். மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தைச் சேர்ந்த ஜான் ஸ்டால்நேக்கரும், எஃப்.ஜே. முல்லினும் ஒரு திட்டம் போட்டாங்க. யாரும் யாருக்கும் தந்தி அடிக்க வேண்டாம். மாணவன் தனக்குப் பிடிச்ச ஆஸ்பத்திரிகளை வரிசையா எழுதட்டும். ஆஸ்பத்திரி தனக்குப் பிடிச்ச மாணவர்களை வரிசையா எழுதட்டும். ரெண்டு பட்டியலையும் ஓரிடத்தில் வெச்சு, துளையிட்ட அட்டைகளைப் பிரிக்கிற இயந்திரத்தில் போட்டு ஜோடி சேர்க்கலாம்.

முதல் வரைவில் ஒரு ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடிச்சது பேராசிரியர்கள் இல்லை, மாணவர்கள். ஹார்டி ஹென்ட்ரன்னு ஹார்வர்டில் ஒரு மருத்துவ மாணவர். (பின்னாளில் குழந்தைகள் அறுவை சிகிச்சையில் உலகமே பேசின பெயர். மணிக்கணக்கில் நிறுத்தாம ஆபரேஷன் பண்ற ஆள்.) அவரும் நண்பர்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. எட்டாத ஆஸ்பத்திரி ஒண்ணை ஆசைப்பட்டு முதல்ல எழுதினா, ரெண்டாவதா எழுதின, கைக்கு எட்டக்கூடிய ஆஸ்பத்திரியும் போயிடற மாதிரி அந்த முறை இருந்தது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல சாய்ஸ் லிஸ்ட் போட்டவங்களுக்குச் சட்டுனு புரியும். ஆசைப்பட்டதுக்குத் தண்டனை. மாணவர்கள் நாடு முழுக்கக் கடிதம் எழுதி, ஒரு குழு அமைச்சு, மாற்று முறையைக் கையில் கொடுத்தாங்க. பெரியவங்க கேட்டுக்கிட்டாங்க. பாஸ்டன் மாணவர்கள் கொடுத்த அந்த மாற்று முறையில்தான் 1952-ல் முதல் மேட்ச் நடந்தது.

அந்த வருஷத்துக் கணக்கைப் பாருங்க. இடங்கள் 10,400. படிச்சு முடிக்கிற அமெரிக்க மாணவர்கள் 6,000.

அதாவது 1952-ல் "மேட்ச் கிடைக்கலன்னா என்ன பண்றது"ன்னு கேட்டிருந்தா, "யாரு, ஆஸ்பத்திரிக்கா?"ன்னு திருப்பிக் கேட்டிருப்பாங்க. காலியா இருக்கப்போறது நாற்காலிதான், மனுஷன் இல்லை. ஆளைப் பிடிக்க அலையற ஆஸ்பத்திரிகள்கிட்டயிருந்து மாணவனுக்கு யோசிக்க நேரம் வாங்கித் தரத்தான் இந்த ஏற்பாடே வந்தது.

ஜூனியரோட விஷயத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு. 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லின்னு ரெண்டு கணித மேதைகள், கல்யாணத்துக்கு ஜோடி சேர்க்கிறதை உதாரணமா வெச்சு ஒரு கட்டுரை எழுதினாங்க. எந்த ஜோடியும் "உன்னைவிட எனக்கு அவங்க மேல், அவங்களுக்கும் நான் மேல்"னு பிரிஞ்சு ஓடாதபடி எல்லாரையும் சேர்த்து வைக்க முடியும்னு நிரூபிச்சாங்க. 1984-ல் ஆல்வின் ராத் என்ற பொருளாதார அறிஞர், டாக்டர்கள் பத்து வருஷம் முன்னாடியே இதைத் தெரியாமலே செஞ்சுக்கிட்டு இருந்தாங்கன்னு காட்டினார். 2012-ல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் நோபல். கேல் அதுக்குள்ள இறந்துட்டார்.

ராத் 1990-களில் மேட்ச் முறையையே திருத்தி அமைச்சார். 1998-லிருந்து மாணவரோட பட்டியல் பக்கத்திலிருந்துதான் ஜோடி சேர்க்கிறது ஆரம்பிக்குது. இதுல ஒரு உண்மை இருக்கு. என் ஜூனியருக்கு அந்த வாரம் நான் சொன்னதுலயே அவன் கொஞ்சமாவது மூச்சு விட்டது இதைக் கேட்டுத்தான்.

அவன் திரும்பத் திரும்பச் சொன்னது இது: "அண்ணா, நான் லிஸ்ட்டைத் தப்பா போட்டுட்டேன். ஈஸியா கிடைக்கிற இடத்தை மேல வெச்சிருந்தா கிடைச்சிருக்கும்."

இல்லை தம்பி. அந்த நாலு பெயரை எப்படி மாத்திப் போட்டிருந்தாலும் கிடைச்சிருக்காது. இப்போ இருக்கிற முறையில், ஒரு வரிசையில் எந்த இடமும் கிடைக்கலன்னா, அதே இடங்களை வேற எந்த வரிசையில் எழுதினாலும் கிடைக்காது. இது ஆறுதல் வார்த்தை இல்லை, நிரூபிக்கப்பட்ட கணிதம். (தம்பதியா சேர்ந்து விண்ணப்பிக்கிறவங்க கணக்கு மட்டும் கொஞ்சம் சிக்கல்.) வாட்ஸ்அப் குரூப்ல "சான்ஸ் பார்த்து ரேங்க் போடு"ன்னு அறிவுரை சொல்ற அண்ணன்மார் தயவுசெய்து நிறுத்திக்கணும். பட்டியலில் எத்தனை பெயர் இருக்குங்கறதுதான் முக்கியம். வரிசை, மனசுக்குப் பிடிச்சபடியே இருக்கலாம்.

ராத் இன்னொண்ணும் காட்டினார். கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு மேட்ச்ல ஆள் கிடைக்கறதே இல்லை, கணக்கை மாத்தினா அவங்களுக்கும் ஆள் கிடைக்குமான்னு ஒரு புகார் இருந்தது. கிடைக்காதுன்னு நிரூபிச்சார். எந்த நிலையான முறையில் ஜோடி சேர்த்தாலும், காலியா நிக்கிற இடங்கள் அதே இடங்கள்தான், இடம் கிடைக்காத டாக்டர்கள் அதே டாக்டர்கள்தான். ஆக, பிரச்சினை கம்ப்யூட்டர்ல இல்லை. எத்தனை இடம், எத்தனை பேர் என்பதில்தான்.

அந்த எண்ணிக்கை எப்படித் தலைகீழா மாறிச்சு? அதுவா மாறல. மாத்தினாங்க.

1965-ல் ரெண்டு சட்டம். முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர் வந்தது. ரெசிடென்ட்களுக்குப் பயிற்சி கொடுக்கிற செலவில் பெரும்பங்கை அதுவே ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்க ஆரம்பிச்சது. அதே வருஷம் குடியேற்றச் சட்டம் மாறி ஆசியர்களுக்குக் கதவு திறந்தது. மதராஸ் மெடிக்கல் காலேஜிலிருந்தும் ஸ்டான்லியிலிருந்தும் டாக்டர்கள் விமானம் ஏறின காலம் அது. உங்க சொந்தத்துல யாராவது ஒரு "அமெரிக்கா டாக்டர் மாமா" எழுபதுகளின் தொடக்கத்தில் போயிருந்தா, அவர் போனது இந்தக் கதவு வழியாத்தான். 1973-ல் 19,000 இடங்கள், அமெரிக்க மாணவர்கள் 10,000-க்குச் சற்று மேல். வாங்க வாங்கன்னு கூப்பிட்ட காலம்.

அந்த மாமாக்கள் இன்னைக்குப் பசங்ககிட்ட "நாங்கல்லாம் போகலையா, ஒழுங்கா படிச்சா கிடைக்கும்"னு சொல்லும்போது எனக்குச் சுருக்குனு இருக்கும். நீங்க படிச்சீங்க மாமா, மறுக்கல. ஆனா நீங்க போனப்போ ஒருத்தருக்கு கிட்டத்தட்ட ரெண்டு நாற்காலி இருந்தது.

1975-ல் தனி இன்டர்ன்ஷிப் முறை ஒழிஞ்சது, முதல் வருஷ இடங்கள் 15,700-ஆகச் சுருங்கின. 1976-ல் அமெரிக்கக் காங்கிரஸ், நாட்டில் இனி டாக்டர் பஞ்சம் இல்லைன்னு சட்டத்திலேயே எழுதி, வெளிநாட்டு டாக்டர்களுக்குக் கடினமான தேர்வையும் விசா கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தது. அதே 1976-ல்தான் கரீபியனில், கிரெனடா தீவில் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகம் தொடங்கினாங்க. உள்ளூரில் சீட் கிடைக்காத அமெரிக்கப் பிள்ளைகள் அங்கே போய்ப் படிச்சாங்க. 1983-ல் ரீகன் அந்தத் தீவுக்குப் படையை அனுப்பினப்போ சொன்ன காரணங்களில் ஒண்ணு, அங்கே இருந்த அமெரிக்க மருத்துவ மாணவர்களின் பாதுகாப்பு. மெடிக்கல் சீட் எங்கெல்லாம் கொண்டுபோய் விடுது பாருங்க.

தொண்ணூறுகளில் டாக்டர்கள் ரொம்ப அதிகமாயிடுவாங்கன்னு பெரிய பயம். 1997-ல் நியூயார்க்கில் ஒரு கூத்து நடந்தது. ரெசிடென்ட் எண்ணிக்கையைக் குறைக்கிற ஆஸ்பத்திரிகளுக்கு அரசாங்கமே சுமார் 40 கோடி டாலர் தரேன்னு சொன்னது. விவசாயிக்குப் பயிர் வைக்காம இருக்கக் காசு கொடுக்கிற மாதிரி, டாக்டரை உருவாக்காம இருக்கக் காசு. அதே வருஷம் சமச்சீர் பட்ஜெட் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் 1996-ல் எத்தனை ரெசிடென்ட் வெச்சிருந்ததோ, அந்த எண்ணிக்கைக்கு மேல மெடிகேர் பணம் தராதுன்னு கட்டி வெச்சது.

அப்புறம் என்ன ஆச்சு? பத்து வருஷம்கூட ஆகல, டாக்டர் பற்றாக்குறைன்னு கூக்குரல். 2006-ல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம், மாணவர் சேர்க்கையை 30 சதவீதம் உயர்த்தணும்னு சொன்னது. புதுக் கல்லூரிகள் முளைச்சன, ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் இன்னும் வேகமா. பள்ளிக்கூட வாசலை அகலமாக்கிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் 1997-ல் போட்ட பூட்டை அப்படியே விட்டாங்க. ஆஸ்பத்திரிகள் சொந்தக் காசிலும் வேற வழியிலும் இடங்களைக் கூட்டினது உண்மைதான். ஆனா மெடிகேர் பூட்டைக் கொஞ்சம் தளர்த்த 2020 டிசம்பர் வரைக்கும் ஆச்சு. அதுவும் 1,000 இடம், வருஷத்துக்கு 200-க்கு மேல கிடையாது.

2024 மேட்ச் கணக்கு: அமெரிக்காவிலேயே எம்.டி படிச்சு முடிக்கிற மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு இடம். வெளிநாட்டில் படிச்ச அமெரிக்கக் குடிமக்களுக்கு 67 சதவீதம். என் ஜூனியர் மாதிரி, வெளிநாட்டில் படிச்ச வெளிநாட்டவருக்கு 58.5 சதவீதம். எல்லாத் தேர்வும் எழுதி, கடல் கடந்து இன்டர்வியூ முடிச்சு, பட்டியல் கொடுத்தவங்களில் பத்துக்கு நாலு பேர் அந்தத் திங்கட்கிழமை வெறுங்கையோட நிக்கிறாங்க. அமெரிக்க மாணவர்களில் நூத்துக்கு ஆறேழு பேர்தானேன்னு நினைக்க வேண்டாம். அவங்க தலையில் இருக்கிற படிப்புக் கடன் நம்ம ஊர் வீட்டுக் கடனைவிடப் பெருசு. லைசென்ஸ் இல்லாம அதை அடைக்க வழியில்லை.

சரி, இடம் கிடைக்காதவங்க என்ன பண்ணாங்க, இப்போ என்ன பண்றாங்க?

2011 வரைக்கும் "ஸ்கிராம்பிள்"னு ஒண்ணு இருந்தது. பேருக்கு ஏத்த மாதிரி அடிதடிதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் காலியிடப் பட்டியல் வெளியாகும். அந்த நிமிஷத்திலிருந்து போன், ஃபேக்ஸ். ஒரு காலியிடத்துக்கு நூத்துக்கணக்கான ஃபேக்ஸ் போய், மெஷினே நின்னுடும். எவன் லைன் கிடைச்சு முதல்ல பேசுறானோ அவனுக்கு இடம். போன்லயே "வர்றியா? இப்பவே சொல்லு". அறுபது வருஷம் முன்னாடி எதை ஒழிக்க மேட்ச் கொண்டுவந்தாங்களோ, அது பின்வாசல் வழியா வந்து உட்கார்ந்திருந்தது.

2012-ல் அதை ஒழுங்குபடுத்தி "சோப்"னு ஒரு துணை ஏற்பாடு வந்தது. திங்கள் அன்னைக்கே பட்டியல் தெரியும். அதிகபட்சம் 45 இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். நாமா போன் பண்ணக் கூடாது, அவங்க கூப்பிட்டாத்தான் பேசலாம். வியாழக்கிழமை நாலு சுற்றா ஆஃபர் வரும். ஒரு ஆஃபர் வந்தா யோசிக்க எவ்வளவு நேரம் தெரியுமா?

ரெண்டு மணி நேரம்.

1949-ல் 12 மணி நேரத்துக்குச் சண்டை போட்டவங்களை நினைச்சுக்கிட்டேன்.

என் ஜூனியர் 45-ம் போட்டான். திங்கள் ராத்திரியிலிருந்து வியாழன் ராத்திரி வரைக்கும் போனை நெஞ்சுமேல வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தான். ஒருத்தரும் கூப்பிடல.

அதுக்கப்புறம் இருக்கிற வழிகளைப் பத்தி எனக்குக் கேள்வி வந்துக்கிட்டே இருக்கு, அதனால சொல்றேன்.

அமெரிக்க மாணவரா இருந்தா, சிலர் பட்டம் வாங்கறதையே ஒரு வருஷம் தள்ளிப் போடுவாங்க. ஏன்னா "இந்த வருஷம் முடிக்கிற மாணவர்"ங்கற முத்திரைக்கு மதிப்பு அதிகம், "போன வருஷம் முடிச்சவர்"ங்கறதுக்குக் குறைவு. சிலருக்கு ஒரு வருஷ முன்பயிற்சி இடம் மட்டும் கிடைக்கும். அதை ரெண்டாந்தரம்னு ஒதுக்கக் கூடாது. கையில் ஒரு வருஷ நோயாளி அனுபவமும், சிபாரிசு எழுத அமெரிக்க டாக்டர்களும் கிடைக்கிறாங்க. துறை மாத்தறது இன்னொரு வழி. 2023-ல் யாருமே எதிர்பார்க்காம எமர்ஜென்சி மெடிசினில் 554 இடங்கள் மேட்ச்ல காலியா நின்னு, அப்புறம் சோப்ல பெரும்பாலும் நிரம்பின. எலும்பு மருத்துவம்தான் வேணும்னு நின்னவங்க குடும்ப மருத்துவத்துக்கு வந்து சந்தோஷமா இருக்கிறதையும் பார்த்திருக்கேன், கடைசி வரைக்கும் உள்ளுக்குள்ள புழுங்கறதையும் பார்த்திருக்கேன். இதுல அறிவுரை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஆராய்ச்சி உதவியாளரா ஒரு வருஷம் போறது பலர் எடுக்கிற வழி. ஆனா ஒண்ணு. சம்பளமே இல்லாத "ஆராய்ச்சி", பணம் கட்டிச் சேருற "அப்சர்வர்ஷிப்"னு ஒரு பெரிய சந்தையே உருவாகியிருக்கு. ரெண்டாவது முறை முயற்சிக்கிறவனோட பயம்தான் அங்கே முதலீடு. பேராசிரியர் உங்களை நேர்ல பார்ப்பாரா, நீங்க செய்யற வேலைக்குப் பேர் வருமா, இந்த ரெண்டையும் கேட்காம ஒரு ரூபாய் கூட கட்டாதீங்க.

இந்தியப் பட்டம் கையில் இருக்கிறவங்களுக்கு நீட் பி.ஜி இருக்கு, இங்கேயே பதிவு பண்ணி வேலை பார்க்கிற உரிமை இருக்கு. அமெரிக்காவில் படிச்ச பிள்ளைக்கு இல்லாத வசதி அது. இதைத் தோல்வின்னு பார்க்கிற வழக்கம் நம்மகிட்ட இருக்கு, எனக்கு அது புரியறதே இல்லை.

அப்பாவோட கேள்விக்கு மறுபடியும் வர்றேன். "அங்கேயே சின்னதா ஒரு கிளினிக்." இதே கேள்வியை ஒரு மாநிலம் நிஜமாவே கேட்டுக்கிச்சு.

2014-ல் மிசோரி. கிராமங்களில் டாக்டர் இல்லை. மறுபக்கம் பட்டமும் தேர்வும் முடிச்சு ரெசிடென்சி கிடைக்காத டாக்டர்கள் சும்மா இருக்காங்க. ராத் சொன்னாரே, எப்படிக் கணக்குப் போட்டாலும் அதே காலி இடங்கள், அதே காலி டாக்டர்கள்னு. அந்த ரெண்டு காலிகளையும் மேட்ச்சுக்கு வெளியே வெச்சு ஜோடி சேர்க்கப் பார்த்தது மிசோரி. "அசிஸ்டென்ட் ஃபிசிஷியன்"னு ஒரு புது லைசென்ஸ். முழு லைசென்ஸ் உள்ள ஒரு டாக்டரோட ஒப்பந்தம் போட்டு, அவர் மேற்பார்வையில், மருத்துவ வசதி குறைஞ்ச பகுதியில் அடிப்படை மருத்துவம் பார்க்கலாம். சட்டம் வந்தது 2014, விதிமுறை எழுதி முதல் லைசென்ஸ்கள் கொடுக்க 2017 ஆயிடுச்சு. ஆர்கன்சா, யூட்டா மாதிரி சில மாநிலங்களும் இதே போல சட்டம் போட்டன.

அமெரிக்க மருத்துவர் சங்கம் எதிர்த்தது. முழுப் பயிற்சி இல்லாத டாக்டர் ஏழைகளுக்கு மட்டும்தானா, பணக்காரங்க அவர்கிட்ட போவாங்களான்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆதரிச்சவங்க பதிலுக்கு, நர்ஸ் பிராக்டிஷனர் பார்க்கலாம், பிசிஷியன் அசிஸ்டென்ட் பார்க்கலாம், மருத்துவமே படிச்சவன் பார்க்கக் கூடாதான்னு கேட்டாங்க. அதுவும் நியாயம்தான். எனக்கு ரெண்டு பக்கமும் மனசு போகுது. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ நான் பண்ணவிருந்த ஒரு தப்பை, பின்னாடி நின்ன அசிஸ்டென்ட் புரொஃபசர் கையைப் பிடிச்சு நிறுத்தினதால ஒரு உயிர் தப்பிச்சது. அந்தக் கை பின்னாடி இல்லாம ஒரு கிராமத்துல தனியா உட்காரச் சொன்னா, இருபத்தஞ்சு வயசுல நான் போயிருப்பேன். போயிருக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், அந்த லைசென்ஸ் ரெசிடென்சிக்குப் பதில் இல்லை. எத்தனை வருஷம் அதில் வேலை பார்த்தாலும் நிபுணர் சான்றிதழ் தேர்வுக்கு அது உதவாது. மேல்படி இல்லாத ஒரு படி.

இதையெல்லாம் ஜூனியர்கிட்ட போன்ல சொன்னேன், ஒரே நாள்ல இல்லை, நாலஞ்சு ராத்திரியா. 10,400, 6,000 கணக்கைச் சொன்னப்போ மட்டும் ரொம்ப நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "அப்போ அவங்களுக்கு நாம தேவைப்பட்டோம்ல"ன்னான்.

அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்றதுன்னு கேட்டான். கடைக்கணக்குல சொல்லுன்னேன். அமெரிக்காக்காரன் ஒரு காலத்துல ரெண்டு கல்லாப்பெட்டி வெச்சுக்கிட்டு ஒரு ஆளைத் தேடினான். இப்போ கல்லாப்பெட்டியை அப்படியே வெச்சுக்கிட்டு ஆள் எடுக்கிற விளம்பரத்தை மட்டும் ஊரெல்லாம் ஒட்டியிருக்கான்னு. அவருக்கு உடனே புரிஞ்சுதாம்.

இப்போ அவன் ஊர்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கிறான். செப்டம்பர்ல மறுபடி விண்ணப்பம். இந்த முறை இன்டர்னல் மெடிசினோட குடும்ப மருத்துவமும் சேர்த்திருக்கான். அதுவும் இல்லைன்னா அடுத்து நீட் பி.ஜி, அந்தப் புத்தகங்களும் மேசையில் இருக்கு. போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஈசிஜி போட்டோ அனுப்பி "அண்ணா, இது எஸ்.டி எலிவேஷன்தானே?"ன்னான். ஆமான்னேன். அதுக்குள்ள ஆஸ்பிரின் கொடுத்து, ஆம்புலன்ஸும் சொல்லிட்டானாம். காலைல பேஷண்டோட மகன் டாக்டருக்குன்னு ஒரு பை நிறைய நுங்கு கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனாராம். அதையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான்.